குடிகாரன் என்று சொல்லுமுன்

ஒரு பாவத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். கரியாலூர் டீக்கடையில், ஒரு மனிதரைக் குடிகாரர் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஐம்பது வயதிருக்கும். மலைக் காற்றில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்கோ சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கை நடுங்கிற்று. நாக்குக் குழறிற்று. காரணமில்லாமல் கடைக்காரரோடு சண்டை பிடித்தார். "காலையிலேயே ஆரம்பிச்சாச்சு!" என்றார் ஒருவர். கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று பத்திரிகை படித்துப் பழகிய மூளை எனக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கேட்கவா வேண்டும்?

அவர் மனைவி ஓடி வந்தாள். "சர்க்கரைக்கு மாத்திரை போட்டாரு, இன்னும் ஒண்ணும் சாப்பிடலை. கொஞ்சம் சர்க்கரை குடுங்கண்ணா!"

"சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரையா? ஆளைக் கொல்லப் பார்க்கிறியா?" என்று அதட்டினார், என்னைப் போலவே சலவைச் சட்டை போட்ட ஒருவர்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். கால் மணியில் மனிதர் தெளிந்தார். சண்டை போட்டதற்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

2021 முதல், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று மாத்திரை வீடு தேடிப் போகிறது. நல்ல காரியம். ஆனால் அந்த மாத்திரையைப் பற்றிய அறிவு, படித்தவர்கள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லையே! இன்சுலினும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும், வயிறு காலியா என்று பார்த்து வேலை செய்வதில்லை. பிரதோஷ விரதம், தள்ளிப்போன சாப்பாடு, வழக்கத்துக்கு மீறிய நடை, எது நேர்ந்தாலும் ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். மூளைக்குத் தீனி குறைகிறது, மனிதன் உளறுகிறான். 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிஷம் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். தெளிந்ததும் சாப்பாடு போட வேண்டும். மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்குமாகையால் டாக்டரிடமும் காட்ட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

"ஐயா, நிஜமாகவே குடித்தவனாக இருந்தால்?" என்று கேட்பீர்கள். இருக்கட்டுமே! வெறும் வயிற்றில் குடித்தால், சர்க்கரையை உற்பத்தி செய்து கொடுக்கும் ஈரலின் கையை மது கட்டிப் போடுகிறது. அவனுக்கு ஆபத்து அதிகமே தவிரக் குறைவில்லை. சாராய வாடை, நாம் விலகிப் போவதற்கு அநுமதிச் சீட்டு அல்ல.

ஒழுக்கத்தை எடை போடும் தராசை நாம் எப்போதும் கையோடு வைத்திருக்கிறோம். அதைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையில் நாலு சர்க்கரை மிட்டாய் வைத்துக்கொண்டால் ஓர் உயிராவது பிழைக்கும்.