மேலாளரை மாற்றினால் போதுமா?

மான்செஸ்டர் யுனைடெட் தோற்கும்போதெல்லாம் ரசிகர்களில் ஒரு சாரார் முன்வைக்கும் தீர்வு ஒன்றுதான்: மேலாளரை நீக்க வேண்டும். அணியின் அண்மை வரலாறு இந்த வாதத்தைத் தாங்காது. 2013-இல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பின் 2024 வரை மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக் என ஐவர் நீக்கப்பட்டனர். வான் கால் 2016-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கையோடு வெளியேற்றப்பட்டார். லீக் பட்டம் திரும்பவில்லை.

கோளாறு வீரர்களை வாங்கும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு மேலாளரோடும் ஆட்டமுறை மாறுகிறது. முந்தையவருக்காக வாங்கியவர்கள் புதியவருக்குப் பொருந்துவதில்லை. அயாக்ஸில் டென் ஹாக்கிடம் ஆடிய அந்தோனிக்கு 2022-இல் எட்டு கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் அவர் ரியல் பெட்டிஸுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். மூன்று மையத் தடுப்பாளர்களை நிறுத்தும் அமோரிம் 2024 நவம்பரில் பொறுப்பேற்றபோது கிடைத்ததோ நான்கு தடுப்பாளர் முறைக்குச் சேர்த்த அணி. அந்தப் பருவத்தில் யுனைடெட் பெற்றது 15-ஆம் இடம்.

2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்த நிர்வாகமே அக்டோபரில் அவரை நீக்கியது. ரசிகர்கள் பதில் கேட்க வேண்டியது அந்த நிர்வாகத்திடம்.