மசாய் மாராவுக்கு மட்டும்தான் மரியாதையா?

எங்கள் காலை நடைக் கூட்டத்தில் மூன்று மாதமாக ஒரே பேச்சு, கென்யா. ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் போனால் மசாய் மாராவில் லட்சக்கணக்கான விலங்குகள் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கலாமாம். பாண்டிச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்த காலத்தில் 'க்னூ' என்று மனப்பாடம் செய்த அதே விலங்குதான். போகட்டும், அவரவர் பென்ஷன், அவரவர் ஆசை.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். "ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, தடம் மாறி ஓட்டக் கூடாது" என்று அந்த ஊர் விதிகளைப் பக்தியோடு ஒப்பிக்கிறார்களே, அதில்தான்.

2023 மே 27 மறந்துவிட்டதா? சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் கம்பத்துக்குள் வந்தது. 144 தடை போட்டும் செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியது நம் ஜனம்தான். தோப்பில் ஒதுங்கி நின்றதை ட்ரோன் விட்டுக் கலைத்தார்கள். யானையால் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தும் போனார். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகும் வரை வேடிக்கை ஓயவில்லை.

கேட்டால், "அங்கே கண்டிப்பு சார், இங்கே யார் கேட்கிறார்கள்?" என்கிறார்கள். ஆயுசில் பாதியை அரசாங்கக் கோப்புகளோடு கழித்தவன் நான். ஆளைப் பார்த்து விதியை மதிக்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. இவர்கள் பயப்படுவது அபராதத்துக்கு, சிங்கத்துக்குக்கூட இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021-லேயே புலிகள் காப்பகமாகிவிட்டது. அங்கே போய்வந்த கார்களின் பின்சீட்டைப் பாருங்கள்: ஸ்பீக்கர், பாட்டில், குரங்குக்கென்றே வாங்கிய சிப்ஸ். தேக்கடிப் படகில் யானை தெரிந்தால் எழுகிற கூச்சல் வேறு! அந்த ஏரியில் தேங்குவது நம் பள்ளத்தாக்கு வயலுக்கு வருகிற முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் என்ற நினைப்பாவது வேண்டாமா?

கென்யா போகிறவர்களுக்கு ஒன்று. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். அறுபது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாருங்கள். சின்னமனூரிலிருந்து ஹைவேவிஸ் வரைக்கும் ஹாரன் இல்லை, பாட்டு இல்லை, நொறுக்குத்தீனி வண்டியை விட்டு வெளியே போகாது. எத்தனை பேர் வருகிறார்கள், பார்க்கிறேன்.