கதியாலும் காரும்

யாழ்ப்பாணத்தவருக்கும் வேலிக்கும் உள்ள உறவை அறியாதார் இலர். அயலவர் வேலி அடைக்கும்போது கதியால் ஒன்று நாலு விரற்கடை இப்பால் நகர்ந்துவிட்டால், அன்று தொடங்கும் வாய்த்தர்க்கம் விதானையார் வீடு வரை சென்று, நில அளவையாளரை வருவித்து, ஈற்றில் பருத்தித்துறை நீதிமன்றப் படிகளில் ஏறி நிற்கும். பிள்ளைகள் தலையெடுத்த பின்னரும் வழக்குத் தவணை முடிவதில்லை. நிலத்தின் அருமையை எம்மவர் அவ்வளவு அறிவர்.

அவ்வாறு அறிந்த அதே மனிதர் ஞாயிறு காலையில் நெல்லியடிச் சந்திக்குக் காரிலே வருகின்றார். மீன் வாங்கி, மருந்து வாங்கி, இடையிற் கண்ட உறவினரோடு கனடாப் புதினம் கதைத்து முடியும் வரை கார் தெருவோரத்திலே நிற்கின்றது. பதினாறு அடி நீளம், எட்டு அடி அகலம் என்று கொண்டாலும் அது அடைத்துக்கொள்ளும் நிலம் 128 சதுர அடி. எமது பரப்புக் கணக்கிலே சொன்னால், ஒரு பரப்பு 2,722 சதுர அடி. ஆகவே இருபத்தொரு கார்கள் சேர்ந்து நின்றால் ஒரு பரப்புக் காணி போய்விட்டது! சந்தியடியிலே ஒரு பரப்பு என்ன விலை போகின்றது என்று கேட்டுப் பார்த்தவர்கள் இரவு நித்திரை கொள்ளமாட்டார்கள். அந்தக் காணியிலே இலவசமாக இருந்துவிட்டுப் போகின்ற எம்மவரிடம் ஒரு மணி நேரத்துக்கென்று சிறு தொகை கேட்டுவிட்டால், "உதென்ன அநியாயம்? றோட்டென்ன உங்கடை சீதனக் காணியோ?" என்று பாய்ந்து விழுவர். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் காரில் வந்தவரல்லர். அந்தக் காரைச் சுற்றி நடுத்தெருவுக்கு இறங்கி நடக்கின்ற கிழவி.

பண்டை அசீரியாவை ஆண்ட செனகெரிப் என்னும் அரசன், நினவே நகரின் இராசவீதிக்குள் எவனாவது தன் வீட்டுச் சுவரை நகர்த்திக் கட்டினால் அவனை அவ்வீட்டின் மேலேயே கழுவில் ஏற்றும்படி கல்லிலே பொறித்து வைத்தான். அது நடந்து ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை கடுமையை நாம் வேண்டவில்லை. வீதி என்பது வீட்டுக்காரனுடையதன்று என்பதை அவன் அறிந்திருந்தான் என்பதே எமக்கு வேண்டியது.

நெல்லியடி ஒருகாலத்தில் இந்தத் தொல்லையை அறிந்திருக்கவில்லை. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியிலே மாட்டுவண்டியும், ஏ-40, மொறிஸ் மைனர் வாடகைக் கார்களும், மூட்டையும் ஆளுமாக ஏற்றிய தட்டிவான்களும் போய்வந்த காலம் அது. பின்னர் 1990 இலிருந்து பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் மருந்துக்கும் அரிதாயிற்று. நாலு துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களைக் கண்டவர்கள் இன்றும் உள்ளனர். மற்றப்படி வடமராட்சி முழுவதும் சைக்கிளிலேதான் ஓடியது. ஒரு கார் நிற்குமிடத்திலே பத்துச் சைக்கிள்கள் தாராளமாக நிற்கும். எனவே சந்தியில் இடமில்லை என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

2009 இல் யுத்தம் ஓய்ந்த பின்னர் லீசிங் வந்தது. அதோடு மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் காரும் வீட்டுக்கு வீடு வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்காய் வரிசையில் நின்றதும் சிறிது மூச்சுவிட அவகாசம் தந்தன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. கார்கள் வருகின்றன. தெரு மட்டும் பாட்டன் காலத்து அகலத்திலேயே கிடக்கின்றது.

இலவசம் என்று நாம் சொல்வதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கின்றார். தனியார் வகுப்பு விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளை, நின்ற காரைத் தவிர்க்க வலப்புறம் வெட்டும்போது பின்னால் வரும் பஸ்ஸைப் பார்ப்பதில்லை. மந்திகை ஆசுபத்திரியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நோயாளரை ஏற்றிச் செல்லும் அம்புலன்ஸ் இச்சந்தியைக் கடக்கும் வேளையிலே, இருமருங்கும் கார் நின்றால் எதிரே வரும் வாகனம் எங்கே ஒதுங்கும்? உள்ளே படுத்திருப்பவர் காரைக் கடை வாசலிலே விட்டவரின் தகப்பனாராகவும் இருக்கலாமன்றோ?

கட்டணம் என்றதும் முதலில் எதிர்ப்பவர் கடைக்காரர். வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவர் என்பது அவர் கவலை. ஆயினும் காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது வாசலிலே வந்து நின்று, இரவு பூட்டும்வரை அசையாத வாகனம் யாருடையது என்று பார்த்தால், அநேகமாக அது முதலாளியினுடையதாகவே இருக்கும். பக்கத்தில் நிற்பவை சிப்பந்திகளின் மோட்டார் சைக்கிள்கள்.

இது நெல்லியடியில் மட்டும் கண்ட புதுமையன்று. அமெரிக்காவின் ஒக்லகோமா நகரிலே, கடைகளில் வேலை செய்வோரே நாள் முழுதும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் வாங்க வந்தோர் இடமின்றித் திரும்பினர். அதற்கு மருந்தாகத்தான் கார்ல் மகீ என்பவரின் முயற்சியால் உலகின் முதலாவது தரிப்பிடக் கட்டணக் கருவி 1935 யூலை 16 ஆந் திகதி அங்கே நாட்டப்பட்டது. மணிக்கு ஐந்து சதம். எனவே கட்டணம் பிறந்தது கடைக்காரருக்குத் தீங்காகவன்று, துணையாகவே.

அதே நாட்டிலே பசடீனா நகரத்தின் பழைய கடைத்தெரு பாழடைந்து கிடந்தபோது நடந்ததும் அறியத்தக்கது. கட்டணக் கருவி வைப்பதை அங்கும் வியாபாரிகள் எதிர்த்தனர். சேரும் பணம் முழுவதும் அந்தத் தெருவுக்கே செலவாகும் என்று நகரசபை வாக்களித்த பின்னரே இசைந்தனர். 1993 இல் கருவிகள் வந்தன. நடைபாதை திருத்தப்பட்டது, விளக்கும் மரமும் வந்தன, கடைத்தெரு மீண்டும் செழித்தது. இதை விரிவாக ஆராய்ந்த பேராசிரியர் டொனால்ட் சூப் 2005 இல் பெருநூல் ஒன்று எழுதினார். ஒவ்வொரு தெருவிலும் எந்நேரமும் ஓரிரு இடம் வெறுமையாய் இருக்குமளவுக்கே கட்டணம் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எம்மவர் கட்டணத்துக்கே விரோதிகள் என்றும் சொல்வதற்கில்லை. நல்லூர்த் திருவிழாவிலே சைக்கிளை விட்டுத் துண்டு வாங்கிக் காசு கொடுக்க எவரும் முகஞ்சுளிப்பதில்லை. ஏன்? அங்கே ஒருவர் காவல் இருக்கின்றார். துண்டின்றி மற்றவர் எடுத்துப் போக முடியாது. தெருவோரத்துக் கட்டணத்திலோ பற்றுச்சீட்டின் அடியிலே "சேதங்களுக்குப் பொறுப்பல்ல" என்று அச்சடித்துத் தருவர். எதற்குப் பொறுப்பு என்று கேட்டால் சொல்வாரில்லை. குத்தகைக்கு எடுத்தவர் எவ்வளவு சேர்த்தார், சபைக்கு எவ்வளவு போயிற்று, அதில் தெருவுக்கு எவ்வளவு வந்தது என்பதும் பொதுமக்கள் கண்ணிற் படுவதில்லை. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் வசூலிக்கப் புறப்பட்டால் சண்டைதான் மிஞ்சும்.

நெல்லியடியிலே இன்னுமொரு சிக்கல் உண்டு. சந்தை பிரதேச சபையினது. பெருவீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபையினது. வாகனங்களை ஒழுங்குபடுத்துவது பொலிசார். மூவரும் ஒரு மேசையில் அமராமல் ஒரு கோடும் கீற இயலாது. அமர்ந்தால், முதல் அரை மணிக்குக் காசில்லை, சைக்கிளுக்கு எப்போதும் காசில்லை, அதற்குமேல் நிற்பவர் மணிக்கு மணி கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று தொடங்கலாம். மாதந்தோறும் வரவு செலவுக் கணக்கைச் சந்தை வாசலிலே ஒட்டிவிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

நாள் முழுதும் நிற்கும் வாகனங்களுக்கு வேறிடம் வேண்டும். சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்திலே, உரியவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்க, பற்றை மண்டிப் பூட்டிக் கிடக்கும் வளவுகள் உள்ளன. ஐந்து ஆண்டுக்கென்று குத்தகை பேசினால் சபைக்கும் வசதி, உரியவருக்கும் சிறு வருமானம். கொடுத்த காணி திரும்பி வருமோ என்று அவர் அஞ்சுவது இயல்பே. ஆகையால் உறுதி எழுதுமுன் அளவையாளரை அழைத்து, நாலு மூலைக்கும் கல்லாகவே நாட்டிவிடுவது உத்தமம், கதியால் வேண்டாம்.