ராக்ஃபெல்லர் அம்மையார் இல்லாத கல்யாணங்கள்

‘வாஷிங்டனில் திருமணம்’ என்றதும் நம் வீட்டுப் பாட்டிமார் பலருக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடும். 1963ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் சாவி எழுதிய தொடர்கதை அது. படங்கள் வரைந்தவர் கோபுலு.

அமெரிக்கக் கோடீசுவரி திருமதி ராக்ஃபெல்லருக்கு நம் ஊர்க் கல்யாணம் ஒன்றை வாஷிங்டனிலேயே கண்ணாரக் காண ஆசை பிறக்கிறது. செலவெல்லாம் தம்முடையது என்கிறார். கேட்க வேண்டுமா? புரோகிதர்கள், சமையற்காரர்கள், அப்பளம் இடும் பெண்கள் எல்லோரும் விமானம் ஏறுகிறார்கள். மொட்டை மாடியில் அப்பளம் காய்கிறது. ஜானவாசத்தில் காஸ் விளக்குத் தூக்க நரிக்குறவர்களும் இங்கிருந்தே போகிறார்கள். போதாக்குறைக்குச் சம்பந்தி சண்டை வேறு!

வெள்ளைக்காரர்களின் வியப்பைக் கேலி செய்யும் கதை என்றே பலரும் இதைச் சொல்வார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கேலி நம்மைத்தான் குறி வைக்கிறது. 1870இல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியைத் தொடங்கி, எண்ணெயில் செல்வம் குவித்தவர் ஜான் ராக்ஃபெல்லர். அந்தப் பெயர் கொண்ட வீட்டுப் பணம் இருந்தால்தான் நம் கல்யாணம் ஒன்று கட்டுப்படியாகும்! மணப்பெண்ணின் தகப்பனார் வட்டிக்கு அலைவதாக ஓர் அத்தியாயம் இருந்திருந்தால் யாராவது சிரித்திருப்பார்களா?

இந்தப் பகட்டு நமக்கு மட்டும் உரியதன்று. 1857ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் ஆலன் பட்லர் ஒரு கேலிக் கவிதை எழுதினார். அதில் வரும் நியூயார்க் சீமாட்டி ஃப்ளோரா துணிமணி வாங்கவே மூன்று தடவை பாரிசுக்குப் போய் வந்தவள். ஆனாலும் உடுத்த ஒன்றுமில்லை என்று புலம்புகிறாள். ஓவியர் ஹாப்பின் அவளைப் படமாகவும் வரைந்தார். நிறைந்த பீரோவின் முன் நின்று இதையே புலம்பும் தோழியர் நம்மிடையே இல்லையா? (இருக்கிறோம்!)

இனி நம் ஊருக்கு வருவோம். கல்பாக்கம் நகரியத்தில் பெரும்பாலும் மாதச் சம்பளக் குடும்பங்கள். மகள் கல்யாணத்துக்குச் சேமநல நிதியிலிருந்து பணம் எடுக்க விதிகள் இடம் தருகின்றன. அது முதுமைக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். மண்டபம், நகை, ஐந்து வகை இனிப்பு, மாமல்லபுரம் கடற்கரையில் கல்யாணத்துக்கு முன்பே ஒரு படப்பிடிப்பு என்று அது கரைகிறது. எடுத்தது போதாமல் அடகுக் கடைக்கும் போவதுண்டு. அக்காளின் கல்யாணம் முடிந்ததும் தங்கையிடம், “பக்கத்துக் கல்லூரியே போதும்மா” என்று மெதுவாகச் சொல்லப்படுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. கேட்காமலே செய்யும் சீருக்கும் ஆடம்பரத்துக்கும் எந்தச் சட்டம் வரும்?

“பெண்ணுக்காகத்தானே செய்கிறோம்” என்பார்கள் பெற்றோர். அந்த அன்பை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் பந்தியில் வந்து அமரும் எத்தனை பேருக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியும்?

அன்புள்ள பெற்றோரே, நாங்கள் கேட்பது ஒன்றுதான். எங்கள் பெயரில் செய்யும் செலவு என்றால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கணக்கு நோட்டை எங்களிடமும் ஒரு மாலை கொடுங்கள். கூட்டலும் கழித்தலும் நாங்களே போட்டுக் காட்டுகிறோம்.