பிரேக்கை எடுத்தால் மட்டும் போதுமா? இம்யூனோதெரபியின் அடுத்தகட்டம்!

2015 ஆகஸ்ட். தன்னைத் தாக்கிய மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் மூளைக்கும் பரவிவிட்டதாக, அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் செய்தியாளர்களிடம் சொன்னார். அப்போது அவருக்கு வயது 90. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு ‘பெம்ப்ரோலிசுமாப்’ என்ற இம்யூனோதெரபி மருந்தும் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் எடுத்த ஸ்கேனில், மூளையில் புற்றுநோயின் தடயமே இல்லை. 2024 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 100.

ஆனால், இதே மருந்தைப் போட்டுக்கொண்டும் பலன் கிடைக்காதவர்கள் ஏராளம். பல வகைப் புற்றுநோய்களில், பலன் பெற்றவர்களைவிட பெறாதவர்களே அதிகம். ஏன்?

சிக்கல் எங்கே?

நோயுற்ற செல்களைத் தேடி அழிப்பவை நம் உடலின் ‘டி செல்கள்’. அவை எல்லை மீறி நம் உடலையே தாக்கிவிடாமல் இருக்க, அவற்றின் மேல் ‘பிடி-1’ போன்ற பிரேக் புரதங்கள் உண்டு. புற்றுநோய் செல்கள் தந்திரமாக அந்த பிரேக்கை அழுத்தி, டி செல்களை முடக்கிவிடுகின்றன. அதை விடுவிப்பதுதான் இந்த மருந்துகளின் வேலை. இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், டசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சிலரது புற்றுநோய்க் கட்டிக்குள் டி செல்கள் நுழைவதே இல்லை. மருத்துவர்கள் இதை ‘கோல்டு டியூமர்’ என்கிறார்கள். வண்டியே இல்லாத இடத்தில் பிரேக்கை எடுத்து என்ன பயன்? வேறு சிலருக்கு, ஒரு பிரேக்கை எடுத்தாலும் இன்னொன்று இழுத்துப் பிடித்திருக்கும்.

புதிய முயற்சிகள்

அந்த இன்னொரு பிரேக்குகளில் ஒன்று ‘லேக்-3’. அதை விடுவிக்கும் ‘ரெலட்லிமாப்’ மருந்தை, பழைய ‘நிவோலுமாப்’ மருந்துடன் சேர்த்து மெலனோமாவுக்குக் கொடுக்க 2022-ல் அமெரிக்கா அனுமதித்தது. 714 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்தது சராசரியாக 4.6 மாதங்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு 10.1 மாதங்கள்.

டி செல்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும் தடுப்பூசி இன்னொரு வழி. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் ஆராய்ந்து, அவருக்கென்றே தனியாகத் தயாரிக்கப்படும் எம்.ஆர்.என்.ஏ ஊசி இது. மெலனோமா கட்டி அகற்றப்பட்ட 157 பேரிடம் நடந்த ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப்புடன் இந்த ஊசியும் போட்டவர்களுக்கு, நோய் திரும்பும் அல்லது உயிரிழக்கும் ஆபத்து 44% குறைந்தது.

எல்லா முயற்சியும் ஜெயிப்பதில்லை. ஆரம்ப ஆய்வுகளில் பெரிதும் நம்பிக்கை தந்த ‘எபகாடோஸ்டாட்’ மாத்திரை, 2018-ல் 700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில் கூடுதல் பலன் எதையும் தரவில்லை. பிரேக்குகளை எடுக்க எடுக்க, டி செல்கள் தைராய்டு, குடல், நுரையீரலைத் தாக்கும் அபாயமும் கூடுகிறது.

விலையும் ஒரு பிரேக்தான்!

மருந்து பலிப்பது இருக்கட்டும், வாங்க முடிய வேண்டுமே? மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இதற்கும் ஒரு வழி தேடினார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு, வழக்கமான டோஸில் சுமார் 6% அளவே நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகும் உயிருடன் இருந்தவர்கள் 16.3 சதவிகிதத்திலிருந்து 43.4 சதவிகிதமாக உயர்ந்தார்கள்.

நகையை அடகு வைத்து ஊசி வாங்கும் முன், மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘இந்த மருந்து இவருக்குப் பலிக்குமா என்பதை முன்கூட்டியே ஓரளவு காட்டும் பரிசோதனையைச் செய்துவிட்டோமா?’