ராமானுஜன் விட்ட எண்
கல்மண்டபம் பக்கம் போனால், ராயபுரத்துச் சந்து ஒன்றில் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993-இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-ஐயும் அந்த எண் போட்ட டாக்சியையும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ 293318625600 என்ற எண்மேல்தான் பிரியம். ஏன் என்று சொல்கிறேன். காசிமேட்டில் 12 வஞ்சிர மீன் எடுத்தால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேர் வெட்டாமலே பங்கு போடலாம். 13 எடுத்தால் தகராறுதான். இப்படி, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை எழுதினார், 1912-இல் மெட்ராஸ் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்த கணக்கரான ராமானுஜன். கட்டுரையில் 6746328388800 வரை பட்டியலும் போட்டார். அதில் ஒன்றே ஒன்று விட்டுப்போனது: நான் சொன்ன எண். அதற்குக் காரணிகள் 5,040. உடைத்துப் பார்த்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. வேடிக்கை என்னவென்றால், விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் அப்படியே வருகிறது. காரணிகளும் இரட்டித்து 10,080 ஆகின்றன. இதெல்லாம் கைக்கணக்கு ஐயா! இந்த ஒரு நழுவலால் அவர் எனக்கு இன்னும் நெருக்கமாகிறார். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் 23-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.