எல்லாம் மருந்துதானா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாளிதழ் வாசிப்போருக்கு ஒரு சொற்றொடர் நன்கு பழக்கமானது: ‘நாட்டுத் துப்பாக்கி, வெடிமருந்து பறிமுதல்’. கல்குவாரியில் பாறை பிளக்க வைப்பதும் செய்தியில் வெடிமருந்துதான். சிவகாசியில் விபத்து நேர்ந்தால் வெடித்ததும் வெடிமருந்துதான். நீலகிரியின் அருவங்காட்டில், இராணுவத்தின் தேவைக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் ஆலையும் தமிழ் ஏடுகளுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையே. இந்நான்கு இடங்களிலும் இருப்பவை நான்கு வெவ்வேறு பொருள்கள். இவற்றை ஒரே சொல்லால் சுட்டி நிறைவடைவதைச் சிறிய சொற்குறை என்று தள்ளிவிட முடியாது என்பது நம் கருத்து. அம்மயக்கம் ஆபத்துக்கும் இடம் தருகிறது. சில வேளைகளில் அநீதிக்கும் இடம் தருகிறது.

சொல்லின் வரலாறு சுவையானது. சீனர் இப்பொருளுக்கு இட்ட பெயருக்குத் ‘தீ மருந்து’ என்றே பொருள். நீண்ட வாழ்வு தரும் மருந்தைத் தேடிய இரசவாதிகளின் கையில் அது பிறந்தது என்பர். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த ‘தாரு’ என்ற சொல் நோய் தீர்க்கும் மருந்தையும் குறிக்கும், துப்பாக்கி மருந்தையும் குறிக்கும், மதுவையும் குறிக்கும். தெலுங்கின் ‘மந்து’வும் அப்படியே. துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்து வந்தது; பீரங்கி, ‘பறங்கி’யோடு உறவுடையது. கருவிகளுக்கெல்லாம் அயற்சொற்களை ஏற்ற தமிழ், உள்ளே இடும் பொருளுக்கு மட்டும் தன் சொல்லையே வைத்துக்கொண்டது. அன்று அது போதுமானதாகவே இருந்தது. ஏனெனில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகெங்கும் துப்பாக்கிக்கு இருந்த மருந்து ஒன்றே: கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த கரிமருந்து.

நம் பகுதியின் வரலாறு முழுவதும் அந்த ஒன்றின் வரலாறுதான். செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டபோது இரு தரப்பிலும் புகைந்தது கரிமருந்து. திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். பிரெஞ்சு அணியின் மருந்து வண்டி ஒன்றின்மேல் குண்டு விழுந்து அது வெடித்துச் சிதற, அப்பக்கத்து அணி கலைந்தது. பிரெஞ்சுக்காரரின் தோல்விக்கு அதுவும் ஒரு காரணம்.

நிலைமை மாறியது 1884இல். பிரான்சில் பால் வியே என்பவர் புகையில்லா மருந்தை உருவாக்கினார். 1887இல் நோபெலின் பாலிஸ்டைட்டும் 1889இல் பிரித்தானியரின் கார்டைட்டும் தொடர்ந்தன. ‘புகையில்லா’ என்ற அடைமொழியைக் கேட்டு, பழைய மருந்தே தூய்மைப்படுத்தப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கரிமருந்து மூன்று பொருள்களின் கலவை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடமான எச்சமாகவும் புகையாகவும் நின்றுவிடும். புதியதோ நைட்ரோசெல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட வேதிப்பொருள். ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிவிடும். ஆகவே மிகச் சிறிய அளவே பழையதன் வேலையைச் செய்துவிடும்.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சுழல்துப்பாக்கியில், அதாவது ரிவால்வரில், தெளிவாகக் காணலாம். அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைத் திரும்ப எடுத்து, தாமே மருந்தும் குண்டும் இட்டு நிரப்பிக்கொள்வோர் பலர் உள்ளனர். அவர்கள் முதலில் கேட்பது ‘மருந்து எவ்வளவு?’ என்பதன்று, ‘எந்த மருந்து?’ என்பதே. ரிவால்வரின் குழல் குட்டையானது. குண்டு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே வெளியேறிவிடுகிறது. நீண்ட குழலுள்ள ரைபிளுக்கான மந்த மருந்தை இதில் இட்டால், அது எரிந்து முடியுமுன் குண்டு போய்விடும்; எரியாத துகள்களும் பெரிய தீக்கொழுந்தும் குழல்வாயில் கொட்டும். எனவே விரைந்தெரியும் மருந்து வேண்டும். ஆனால் அதன் விரைவு கூடக் கூட, பிழை பொறுக்கும் எல்லை குறுகும். புகையில்லா மருந்தின் இயல்பு, அழுத்தம் ஏற ஏற எரிவேகமும் ஏறுவது. வேகம் ஏறினால் அழுத்தம் மேலும் ஏறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ரிவால்வர் உறைகள் கரிமருந்து நிறையக் கொள்ளுமாறு செய்யப்பட்டவை. அவற்றில் புகையில்லா மருந்து அடியில் கொஞ்சம்போல் கிடக்கும். கவனக்குறைவால் இரண்டு முறை இட்டுவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. சுடும்போது உருளை பிளக்கும். ஆகவே அனுபவமுள்ளோர், இருமுறை இட்டால் வழிந்து காட்டிக்கொடுக்கும் பருத்த மருந்தை விரும்புவர். உற்பத்தியாளர் வெளியிடும் அட்டவணையை விட்டு அணுவும் விலக மாட்டார். பிரித்தானிய இராணுவத்தின் வெப்லி ரிவால்வருக்கான .455 தோட்டா 1891இல் கரிமருந்தோடு வந்தது. பின் கார்டைட்டுக்கு மாறியது. 1897இல் உறையே குட்டையாக்கப்பட்டது. மருந்து மாறியதால் உறையின் உடலும் மாறியது.

இந்தியாவில் இவ்வகைக் கைவேலைக்கு இடமில்லை. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது குற்றம். அது சரியே என்பதும் நம் நிலைப்பாடு. நாம் சுட்ட விரும்புவது வேறு. ஒரே கைத்துப்பாக்கிக்குள்ளேயே மருந்துக்கு மருந்து உயிர் போகும் அளவு வேறுபாடு இருக்கும்போது, குவாரியின் ஜெலட்டின் குச்சியையும், வாணத்தின் கலவையையும், வேட்டைத் துப்பாக்கியின் கரித்தூளையும் ஒரே சொல்லில் அடைப்பது எப்படித் தகும்? சட்டம் அப்படி அடைக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளில் கரிமருந்து முதலாம் வகை. நைட்ரோச் சேர்மங்கள் 3ஆம் வகை. தோட்டா முதலியன 6ஆம் வகை. வாணங்கள் 7ஆம் வகை. வகைக்கு வகை வேறு. மொழி மட்டும் 1884க்கு முன்பே நின்றுவிட்டது.

இதனால் விளைவதென்ன? 2021 நவம்பர் 4, தீபாவளி நாளன்று, விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பத்தில் இருசக்கர வண்டியில் நாட்டு வெடிகளை எடுத்துச்சென்ற தந்தையும் ஏழு வயது மகனும் அவை வெடித்து மாண்டனர். அதற்குச் சொல்லே காரணம் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் உராய்வு பட்டாலே பற்றும் கலவை எது, தீப்பொறி பட்டால் மட்டும் பற்றுவது எது என்ற வேறுபாட்டைப் பெயரிலேயே உணர்த்தாத மொழி, ஆபத்தோடு வாழும் எளியவரைக் கைவிட்ட மொழியாகிறது. வேதியியலாளருக்கு ஆங்கிலப் பெயர்கள் உண்டு. மருந்தைக் கையால் அள்ளும் தொழிலாளிக்குத் தமிழ்ப் பெயரே உண்டு.

அநீதி என்று சொன்னது நரிக்குறவரைப் பற்றி. தலைமுறைகளாகக் கவுதாரியும் காடையும் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். வாய்வழி மருந்து கெட்டித்து ரவை இடும் துப்பாக்கி அவர்கள் குலத்தொழிலின் கருவி. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அத்தொழில் போயிற்று; பாசிமணி விற்பனை எஞ்சிற்று. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்களுள் ஒருவரிடம் ஒரு புட்டிக் கரித்தூள் அகப்பட்டால் ‘வெடிமருந்து பறிமுதல்’ என்று செய்தி வருகிறது. நகரத்து வாசகர் மனத்தில் அச்சொல் எழுப்பும் படம் குண்டுவெடிப்பின் படம். உரிமமில்லாத் துப்பாக்கி குற்றமென்றால் அக்குற்றத்தின் அளவுக்கே அவர் பழி ஏற்கட்டும். ஒரு சொல்லின் மயக்கத்தால் சதிகாரராகத் தோன்ற வேண்டியதில்லை.

வகைகளைப் பிரித்துச் சொல்வது தீயோருக்கு வழிகாட்டுவதாகாதா என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். பெயர் செய்முறையாகாது. பாம்புகளை நல்லபாம்பு, சாரை, விரியன் என்று பிரித்தறிந்த நம் முன்னோர் நஞ்சைப் பரப்பவில்லை, உயிரைக் காத்தனர்.

ஆகவே நாம் வேண்டுவது மிகச் சிறிது. பழைய கலவையைக் கரிமருந்து என்போம். தோட்டாவில் உள்ளதைப் புகையிலா மருந்து என்போம். பட்டாசுக் கலவையை வாணமருந்து என்போம். பாறை பிளப்பதைத் தகர்மருந்து என்போம். இவற்றுள் முதலிரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. சிவகாசித் தொழிலாளர் ‘மணிமருந்து’ என்றொரு சொல்லைத் தாமே ஆக்கி வழங்குகின்றனர். அவர்களிடம் கேட்டால் இன்னும் பல கிடைக்கும். செய்தியாளரும் பாடநூல் எழுதுவோரும், துப்பறியும் கதைகளை மொழிபெயர்ப்போரும் இவற்றை எடுத்தாளத் தொடங்கினால் போதும். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அங்குள்ள மருந்துக் கிடங்கைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு, உள்ளே இருந்தது கரிமருந்து என்று ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தாலும் நல்ல தொடக்கமே. இவற்றினும் பொருத்தமான வழக்குச் சொற்களைத் தம் ஊரில் கேட்ட அன்பர்கள் அவற்றை எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம்.